மூண்டில பதினாலு

எங்கள் காரில் பாட்டுகளுக்குப் பெயர் கிடையாது, இலக்கம்தான். "தம்பி, மூண்டில பதினாலைப் போடு" என்று அம்மா பின் சீற்றிலிருந்து சொல்லுவா. காரில் போடுகிற சீடியில் மூன்றாவது போல்டர், பதினாலாவது பாட்டு. மனைவிக்கு நாலில் ஆறு. ஐந்தாவது போல்டர் முழுவதும் மகளின் ஆட்சி; அதற்குள் மற்றவர்கள் கைவைக்கக் கூடாது. போன மாதம் பருத்தித்துறையில் ஒரு காணி அளக்கப் போனேன். காணிக்காரரையும் வழியில் ஏற்றிக்கொண்டேன். நெல்லியடியில் இறங்கவென்று அம்மாவும் கூட வந்திருந்தா. வழிநெடுக இலக்கம் சொல்லிக்கொண்டு வந்ததைக் கேட்ட மனிதர், அம்மா இறங்கிப் போனபிறகு மெல்லக் கேட்டார்: "என்ன சேவையர், அம்மா லொத்தர் எடுக்கிறவவோ?"

அம்மாவில் பிழையில்லை. என் காரில் பாட்டுப் போடுகிற செற்றுக்குத் தமிழ் தெரியாது. அவ்வளவுதான் விசயம்.

கார் ஒரு கொரோலா 121. யப்பானில் ஒருவர் ஓடி, கொழும்பில் ஒருவர் ஓடி, மூன்றாம் கையாக 2011இல் என்னிடம் வந்தது. "இன்னும் இதையே வைச்சிருக்கிறியள்?" என்று கேட்பவர்கள், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் தொடங்கியதை மறந்துவிட்டுக் கேட்கிறார்கள். அந்த ஐந்து வருடத்தில் இந்தக் கிழவனின் விலை நான் வாங்கின விலையைத் தாண்டிப் போனது. விற்றிருந்தால் அந்தக் காசுக்கு இதைவிடக் கிழடுதான் கிடைத்திருக்கும்.

வாங்கும்போது இருந்தது அசல் யப்பான் செற். பொத்தான்களில் பாதி யப்பான் எழுத்து. றேடியோ 76இலிருந்து 90 வரைதான் போகும். அது அவர்களின் எப்.எம். எங்கள் நிலையங்கள் 108 வரை பரந்து கிடக்க, அந்தச் செற்றுக்கு 90க்கு மேலே உலகமே இல்லை. சீடி வாய்க்குக் கீழே இன்னொரு சின்னச் சதுர வாய் இருந்தது. அது மினிடிஸ்க் போடுவதற்கு என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. போடுவதற்கு ஒரு மினிடிஸ்க்கை நான் யாழ்ப்பாணத்தில் கண்ணால் கண்டதில்லை. சீடி வாய் வேலை செய்தது, ஆனால் ஓடியோ சீடி மட்டும். மிஞ்சினால் 80 நிமிடம். கொழும்புக்கு வெளிக்கிட்டால் கிளிநொச்சி தாண்டி அரை மணித்தியாலத்துக்குள் அதே பாட்டு இரண்டாம் தடவை வரும்.

2012இல் ஒரு வேலையாகக் கொழும்பு போனபோது பஞ்சிகாவத்தையில் கழற்றி விற்கிற செற் ஒன்றைப் பார்த்தேன். முகப்பில் சின்னதாக எம்பி3 என்று எழுதியிருந்தது. அந்த எழுத்துக்காகத்தான் வாங்கினேன். அது இல்லாத செற்றில் எம்பி3 சீடியைப் போட்டால் ஒன்றில் வெளியே தள்ளும், இல்லாவிட்டால் ஒரு சத்தமும் இல்லாமல் நிமிடக்கணக்கை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும்.

எம்பி3 சீடி என்றால் என்ன என்று என் மனைவிக்கு விளங்கப்படுத்திய விதத்திலேயே சொல்கிறேன். ஓடியோ சீடியில் ஒரு செக்கனுக்கு 44,100 தடவை ஒலியை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிற்றில், இடம் வலம் இரண்டுக்கும் எழுதிவைப்பார்கள். பெருக்கிப் பார்த்தால் செக்கனுக்கு 1,411 கிலோபிற். ஒரு சேவையரின் மனதுக்கு மிகவும் பிடித்த வேலை. ஒரு கல்லுக்கூட விடாமல் அளப்பது. எம்பி3 அப்படியில்லை. காதில் எப்படியும் விழாததை எதற்கு எழுதவேண்டும் என்று கேட்கும் ஆள் அது. கோயிலில் பெரிய மணி அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் ஐயரிடம் சொல்லும் பெயர் நட்சத்திரம் எங்களுக்குக் கேட்காதல்லவா? அந்த மாதிரி, பெரிய சத்தத்துக்குள் மறைகிற சின்னச் சத்தங்களைக் கழித்துவிடும். செக்கனுக்கு 128 கிலோபிற்றில் அடித்தால் பதினொன்றில் ஒரு பங்கு இடம் போதும்.

700 மெகாபைட் சீடியில் 128இல் கிட்டத்தட்ட பன்னிரண்டே முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். 192இல் எட்டரை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர்; முறிகண்டிப் பிள்ளையாருக்கும் சாப்பாட்டுக்கும் நிறுத்திப் போனால் எட்டு மணித்தியாலம். ஆக 192இல் ஒரு சீடி, ஒரு பயணம். ஐந்து நிமிடப் பாட்டு என்றால் நூறு பாட்டுச் சொச்சம். அந்த நூறையும் வீட்டாருக்குப் பிரிக்கிறது, தாய்க் காணியைப் பிள்ளைகளுக்குப் பிரிக்கிறதைவிடக் கரைச்சல். முதலாவது போல்டர் தேவாரம். கார் வெளிக்கிட்டவுடன் அதுதான் பாடவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். இரண்டாவது நாதஸ்வரமும் தவிலும், அது எனக்கு. மூன்றாவது அப்பாவின் கசெற். நாலும் ஐந்தும் சொன்னேனே, மனைவியும் மகளும்.

அந்த மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும்.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எனக்கு வயது பன்னிரண்டு. பற்றறியும் தடைப்பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துப் பாட்டுப் பெட்டிக்குக் கொடுப்போம். அண்ணா கேட்பார், நான் சுற்றுவேன். கை அலுத்து வேகம் குறைந்தால் கசெற்றும் மெதுவாகும். பாடிக்கொண்டிருந்த பெண் குரல் மெல்ல மெல்ல ஆண் குரலாகிப் பிறகு மாடு கத்துவது போல வரும். "சுத்தடா!" என்று அண்ணா கத்துவார். திருப்பிச் சுற்றுவதற்கு மோட்டரைப் பாவிக்கவே விடமாட்டார்கள். பேனையைக் கசெற்றின் பல்லுக்குள் செருகிக் கையால்தான் சுற்றவேண்டும். இன்றைக்கு ஒரு பொத்தானை அமத்திப் பதினாலாவது பாட்டுக்குப் பாய்கிறபோது என் வலது தோள்மூட்டுக்கு அது ஏதோ மோசடி மாதிரித்தான் தெரிகிறது.

அந்தக் கசெற்றுகள் மின்சாரம் இருந்த காலத்தில் ரவுணில் றெக்கோடிங் பாரில் அடித்தவை. பாட்டுகளின் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் வெற்றுக் கசெற்றில் பதிந்து தருவார்கள். அப்பா அந்தத் தாளுக்கே ஒரு கிழமை எடுப்பாராம். எந்தப் பாட்டுக்குப் பிறகு எது, எது பக்கத்தின் கடைசியில் அறுபடாமல் முடியும் என்று நிமிடம் கூட்டிக் கூட்டி எழுதுவார். 90 நிமிடக் கசெற். ஒரு பக்கத்தில் பதினொரு பாட்டு. மூண்டில பதினாலு என்று அம்மா சொல்வது, இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது. 95ஆம் ஆண்டு ஒக்ரோபர் இடப்பெயர்வில் சாவகச்சேரிக்கு நடந்தபோது ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் பதினொரு கசெற்றும் எங்களோடு நடந்தன. திரும்பி வரும்போது ஒன்பது.

2013இல் ஒருவரிடம் கசெற் பிளேயரை இரவல் வாங்கி, கணினியின் லைன்-இன்னில் கொழுவி, ஒவ்வொன்றாக ஏற்றினேன். இதில் குறுக்குவழி இல்லை. 90 நிமிடக் கசெற்றுக்கு 90 நிமிடம் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். பிறகு ஓடாசிற்றி என்ற மென்பொருளில் பாட்டுப் பாட்டாக வெட்டினேன். பழைய பதிவுகள் ஒற்றைத் தடத்தில்தான் இருந்தன. அவற்றை ஸ்டீரியோவாக வைத்திருந்தால் ஒரே ஒலியை இரண்டுதரம் எழுதி இடத்தை வீணாக்குவதுதான். மோனோவில் பாதி போதும். இப்படி மிச்சம்பிடித்த இடம் மகளுக்குப் போனது.

இனிப் பெயர்ப் பிரச்சினை. வெட்டின பாட்டுகளுக்கு ஆசையோடு தமிழில் யுனிகோட்டில் பெயர் வைத்து அடித்துக்கொண்டுபோய்ப் போட்டால், செற்றின் திரையில் வரிசையாக வெறும் கட்டங்கள். அது யப்பான் எழுத்தும் ஆங்கில எழுத்தும் மட்டும் படித்த பிள்ளை. சரி, ஒரு நண்பர் தன் கணினியிலிருந்து பெரிய தொகுப்பு ஒன்றை ஹார்ட் டிஸ்க்கில் தந்திருந்தார். சமாதான காலத்தில், 2002இல் ஏ9 பாதை திறந்தபிறகு, கணினிகளும் சீடிகளும் வந்து குவிந்தபோது சேர்த்தது. அதன் பெயர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டினவை. எங்கள் தலைமுறையில் கணினியில் தமிழ் தட்டின எவருக்கும் பாமினியை மறக்கேலாது. எழுத்துரு இருந்தால் தமிழ்; இல்லாவிட்டால் ஆங்கில எழுத்தின் கிறுக்கல். "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். பாமினியில் மெய்யெழுத்தின் மேலே வைக்கும் புள்ளிக்கு அரைப்புள்ளிப் பொத்தானைத்தான் தட்டவேண்டும்.

இந்தப் பெயர்களோடு சீடி அடிக்கப்போனால், அடிக்கிற மென்பொருள் ஒவ்வொரு அரைப்புள்ளிக்கும் பதிலாக ஒரு கீழ்க்கோட்டைப் போட்டு வைத்தது. ஏன் என்று தேடிப் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. சீடியில் கோப்புகளை எழுதுவதற்கு 1988இல் வந்த ஒரு நியமம் இருக்கிறது, ஐஎஸ்ஓ 9660. அதில் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் ஒரு அரைப்புள்ளி போட்டு, இது எத்தனையாவது பதிப்பு என்று ஒரு இலக்கம் எழுதுவார்கள். அரைப்புள்ளியை அவர்கள் தங்களுக்கென்று எடுத்துவிட்டார்கள். பிறகு நீளமான பெயர்களுக்காக மைக்ரோசொப்ட் கொண்டுவந்த யோலியற் என்ற சேர்க்கையிலும், பெயருக்குள் வரக்கூடாத குறிகளில் அரைப்புள்ளி ஒன்று. ஆக, பாமினியில் பெயர் வைத்தால் மெய்யெழுத்துக்கு மட்டும் சீடியில் அனுமதியில்லை. தொல்காப்பியர் மெய்க்குப் புள்ளி வை என்றார்; சீடிக்காரர் வைக்காதே என்கிறார்.

பெயரே வேண்டாம் என்று விட்டேன். 01, 02, 03. அதுவும் முன்னுக்குப் பூச்சியம் வைத்துத்தான்; வெறும் 1, 2 என்று விட்டால் ஒன்றுக்குப் பிறகு பத்து வரும், இரண்டு பத்தொன்பதுக்குப் பின்னால் போய் நிற்கும். அப்பா கிழமைக்கணக்கில் யோசித்து எழுதின ஒழுங்கு குழம்பக்கூடாதே. இலக்கங்களை ஒரு கொப்பித் தாளில் எழுதி, எதிரே பாட்டின் முதல் அடியை எழுதி, முன் சீற்றின் முதுகுப் பைக்குள் செருகி வைத்தேன். இரண்டு மாதத்தில் அம்மாவுக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை.

எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோது 2014இல் ஒரு நாள் புதுச் சீடி பாடவில்லை. அக்காவின் மகன் லீவுக்கு வந்தவன், "மாமா, நான் அடிச்சுத் தாறன்" என்று ஐந்தே நிமிடத்தில் அடித்துத் தந்தது. வீட்டுக் கணினியில் பாடுகிறது. காரில் போட்டால் ஒரு நிமிடம் கிர்ர் என்று தேடிவிட்டு வெளியே தள்ளுகிறது. ரவுணில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் செற்றைக் கழற்றக்கூட இல்லை, காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, "லென்ஸ் போட்டுது" என்றார். டொக்டர்மாரே இந்த வேகத்தில் சொல்வதில்லை. 6,500 ரூபாய்க்கு லென்ஸ் மாற்றினார். மாற்றியபிறகு தன்னுடைய சீடி ஒன்றைப் போட்டுக் காட்டினார், அருமையாகப் பாடியது. வீட்டுக்கு வந்து என் சீடியைப் போட்டால், கிர்ர், வெளியே.

திரும்ப அவரிடம் போக எனக்கு ரோசம் விடவில்லை. திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட கைபேசி திருத்துகிற ஒரு பெடியனிடம் போனேன். அவன் செற்றைப் பார்க்கவேயில்லை, சீடியைத் தன் கணினிக்குள் போட்டான்.

"அண்ணை, இதை ஆர் அடிச்சது?"

"மருமகன்."

"வெறும் சீடியைப் போட்டவுடன வின்டோஸ் ஒரு கேள்வி கேக்கும். பென்ட்ரைவ் மாதிரிப் பாவிக்கப் போறியளோ, இல்லாட்டி பிளேயரில போடப் போறியளோ எண்டு. அவர் முதலாவதை அமத்திப்போட்டார்."

"அமத்தினா?"

"பென்ட்ரைவ் மாதிரிப் போடலாம், அழிக்கலாம். ஆனா அது வேற எழுத்துமுறை அண்ணை. உங்கட செற்றுக்கு அது விளங்காது. செற்றில ஒரு பிழையுமில்லை."

"அப்ப லென்ஸ்?"

அவன் பதில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். இன்னொரு தொழிலாளியைக் குறை சொல்லாத அந்தப் பண்பு எனக்குப் பிடித்தது. 6,500 ரூபாய் போன வயிற்றெரிச்சல் அப்படியேதான் இருந்தது. இரண்டாவதை அமத்தி, 8 மடங்கு வேகத்தில், கடைசியில் இனி எழுதேலாதபடி மூடி ஒரு சீடி அடித்துத் தந்தான். நூறு ரூபாய். காரில் போட்டேன். தேவாரம்.

மூடுவது என்று அவன் சொன்னதை நான் எனக்கு விளங்குகிற மாதிரி வைத்திருக்கிறேன். அளந்து, கல்லு நட்டு, படம் கீறி முடித்தாலும் சேவையர் கையெழுத்து வைக்காத படத்தைக் காணிக் கந்தோரில் எடுக்கமாட்டார்கள். செற்றும் ஒரு காணிக் கந்தோர்தான். மூடாத சீடியைத் திறந்தும் பாராது. வீட்டுக் கணினி, பழகின லிகிதர் மாதிரி, "பரவாயில்லை விடுங்கோ" என்று வாங்கிவைத்துக்கொள்ளும். அதனால்தான் வீட்டில் பாடுகிறதே என்று நினைத்து ஏமாறுகிறோம்.

மருமகன் பிறகு ஒருமுறை டீவீடியில் 4.7 ஜிகாபைட்டுக்கு உலகத்துப் பாட்டெல்லாம் அடித்துக்கொண்டு வந்தான். சீடி லேசர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 780 நானோமீற்றர். டீவீடிக்கு 650, சிவப்பு. செற் பார்த்த மாத்திரத்தில் துப்பியது. அழித்து எழுதுகிற சீடியும் சரிவரவில்லை. அதன் முகம் சாதாரண சீடியைவிட வெளிச்சத்தை மிகக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும், பழைய செற்றின் கண்ணுக்குப் போதாது. பிற்றளவு கூடிக் குறைந்து போகிற விதத்தில் அடித்த பாட்டுகள் பாடும், ஆனால் திரையில் நேரம் தாறுமாறாகக் காட்டும். அதைப்பற்றி நான் அலட்டிக்கொள்வதில்லை.

அலட்டிக்கொள்வது என் இரண்டாவது போல்டருக்கு. அதில் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் இருக்கிறது. அவர் 1975இல் போய்ச் சேர்ந்தவர், நான் நேரில் கேட்கப் பிறக்கவேயில்லை. கைமாறிக் கைமாறி வந்த கசெற்தான். முதலில் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதையும் 64க்கு இறக்கினேன். பாட்டுக்காரர் குரல் 64இல் சமாளித்துவிடும். தவில் சமாளிக்காது. தவிலின் ஒரு முகமான தொப்பியில் விழுகிற அடியும் மற்ற முகமான வலந்தலையில் விரல்கூடு போட்ட விரல்கள் பொரிகிற பொரியலும் சட்டென்று தொடங்குகிறவை. எம்பி3 ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக எடுத்துச் சுருக்கும்போது, துண்டின் நடுவில் விழுந்த அடியின் அழுக்கு அந்தத் துண்டு முழுவதும் பரவும். அடி விழுவதற்கு ஒரு கணம் முன்னுக்கே அதன் நிழல் கேட்கும். தாளச் சத்தமோ தண்ணிக்குள் போட்டு அடித்த மாதிரி. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் இருக்கிற அந்த வெறுமையில்தான் தவிலே இருக்கிறது; அதையே நிரப்பிவிட்டால் பிறகு என்ன? அழித்துவிட்டுத் திரும்பவும் கசெற்றிலிருந்து ஏற்றினேன், இந்தமுறை 256. மகளிடமிருந்து ஏழு பாட்டுக்குரிய இடத்தைப் பறிக்கவேண்டி வந்தது. அவள் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

என் வேலைக்கு றோட்டு நல்லது கெட்டது என்று இல்லை. பொன்னாலைப் பாலத்தால் காரைநகர், பண்ணைப் பாலத்தால் ஊர்காவற்றுறை, அதற்கப்பால் கல்லொழுங்கை. இந்த ஒழுங்கைகளில் ஓடியோ சீடி துள்ளித் துள்ளிப் பாடும். எம்பி3 சீடி அவ்வளவு துள்ளாது. செற் கொஞ்சம் முன்னுக்கே வாசித்து நினைவில் வைத்துக்கொண்டுதான் பாடுகிறது; பாட்டு பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தால் அதே நினைவுக்குள் பதினொரு மடங்கு நேரம் அடங்கும். குழிக்குள் விழுந்து எழும்பி லேசர் தன் இடத்தைத் தேடிப்பிடிக்கும்வரை அந்தச் சேமிப்புப் போதும்.

தீவுப்பக்கம் வெயில்தான் சீடிக்கு எதிரி. நிழலுக்குப் பனையைத் தவிர வேறொன்றுமில்லை, பனையின் நிழல் ஒரு காருக்குக் காணாது. டாஷ்போர்டில் விட்ட ஒரு சீடி ஒரு பின்னேரத்துக்குள் அப்பளம் மாதிரி வளைந்தது. இன்னொன்றில் அழகுக்கென்று கடதாசி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். சூட்டில் அது ஓரம் கழன்று செற்றின் வாய்க்குள் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு என் அளவைப் பெட்டியிலிருந்த மெல்லிய உருக்கு அடிமட்டம்தான் அதைக் காப்பாற்றியது. இப்போது மார்க்கர் பேனையால் மட்டும் எழுதுவது. குமிழ்முனைப் பேனையால் ஒருபோதும் எழுதாதீர்கள். எல்லாரும் பயந்து பயந்து காப்பாற்றுவது பளபளக்கும் பக்கத்தை, ஆனால் வெளிச்சத்தைத் திருப்புகிற படை இருப்பது எழுதுகிற பக்கத்துக்கு அடியில், மெல்லிய பூச்சுக்குக் கீழே.

2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கார் செற் கேட்ட கதையும் ஒன்று உண்டு. வரிசையில் ஒரு இரவும் அடுத்த நாள் மத்தியானம் வரையும். முன்னுக்கு நின்ற ஓட்டோக்காரரும் பின்னுக்கு நின்ற வாத்தியாரும் என் காருக்குள் வந்து இருந்து இரண்டாவது போல்டரை முழுவதும் கேட்டார்கள். வாத்தியார் தொடையில் தாளம் போட்டார். விடிய வரிசை நகர்ந்தபோது பற்றறி செத்துக் கிடந்தது. வெட்கப்பட ஒன்றுமில்லை, பெற்றோலை மிச்சம் பிடிக்க அந்த வரிசையில் எல்லாரும் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். பற்றறி போனதில் செற் எல்லாவற்றையும் மறந்து, நேரம் பன்னிரண்டு, போல்டர் ஒன்று என்று பச்சைப்பிள்ளையாகத் தொடங்கியது.

புளூடூத் செற் ஒன்று போடச் சொல்லி மகள் கேட்கிறாள். போடலாம். காசும் பெரிய காசில்லை. ஆனால் கைபேசியில் கொழுவினால் பாட்டுக்கு நடுவில் ஆராவது காணிக்காரர் எடுத்து, "சேவையர், வேலிக்காரன் கல்லைப் பிடுங்கிப்போட்டான்" என்று காரின் நாலு ஸ்பீக்கரிலும் கத்துவார். அதைவிட, முறிகண்டியில் நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வந்து சாவியைத் திருப்பினால், விட்ட இடத்திலேயே, விட்ட அடியின் நடுவிலேயே இந்தச் செற் தொடங்கும். அம்மாவும் அந்த அடியிலிருந்தே கூடப் பாடத் தொடங்குவா, கச்சானும் வாயுமாக.

இப்போதுள்ள கரைச்சல் வெற்றுச் சீடிதான். என் புது மடிக்கணினியில் சீடி வாயே இல்லை, வெளியில் கொழுவுகிற றைற்றர் ஒன்று கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். சீடி கேட்டால் கடைகளில் என்னை ஒருமாதிரிப் பார்க்கிறார்கள். போன வருடம் ஒரு கொப்பிக்கடையில் மேல் தட்டில் தூசியோடு ஐம்பது சீடிக் கட்டு ஒன்று இருந்தது. கேட்ட விலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு வந்தேன். அதில் போன கிழமை 38 மிச்சம் இருந்தது.

முப்பத்தெட்டில் ஒன்றை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வவுனியாவில் ஒரு கலியாணத்துக்குப் போவதற்காகப் புதிதாக அடித்தேன். அடிக்கும்போது மூன்றாவது போல்டரில் ஒன்பதாவது பாட்டைக் கழற்றிவிட்டேன். அது கசெற் நாடா இழுபட்டுப் போன இடம்; நடுவில் பாடுகிறவர் ஒரு அடி முழுக்க நித்திரையில் பாடுவது போல வரும். கேட்கவே சகிக்காது. ஆனையிறவு தாண்ட அம்மா வழமைபோல மூண்டில பதினாலு கேட்டா. போட்டேன். வேறு பாட்டு வந்தது.

"இதில்லை."

"ஒண்டைக் கழட்டினனான் அம்மா. இப்ப அது பதின்மூண்டு."

"எதைக் கழட்டினனி?"

"ஒன்பது. அந்த இழுபடுற பாட்டு."

கொஞ்சத் தூரம் ஒன்றும் பேசவில்லை. பரந்தன் சந்தியில் சொன்னா: "இல்லைத் தம்பி. லென்ஸ் போட்டுது போல கிடக்கு. ஒருக்கா ஆரிட்டையும் காட்டு."

திங்கட்கிழமை இரவு ஒன்பதாவது பாட்டை இழுபட்டபடியே அதன் இடத்தில் வைத்து, திரும்ப அடித்தேன். மிச்சம் 36.